ஐம்பது ஆண்டு விருந்தாளி

கொல்கத்தாவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிரேசில் கிளியும் கிடைக்கும், காங்கோ கிளியும் கிடைக்கும். வாங்கலாமா என்று தீர்மானிப்பதுதான் கடினம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்கத்தாவின் ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில், குதிரைமேல் அமர்ந்திருக்கும் நேதாஜி சிலைக்கு அருகே சற்று நேரம் நின்றால் போதும். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் தங்கமீனோடு ஒரு சிறுவன், ரோஜாத் தொட்டியை இடுப்பில் ஏந்தியபடி ஒரு பெண்மணி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் இளைஞர். இவர்கள் வருகிற திசையை நோக்கி நடந்தால் பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெரு வந்துவிடும். பக்கத்தில் கால்வாய். ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் வந்து திரும்பிய தெரு. வாரத்தில் ஆறு நாள் அது சாதாரணத் தெரு. ஏழாம் நாள் அங்கே நாய்க்குட்டி, புறா, முயல், மீன் தொட்டி, மீனுக்கு இரையாகும் புழு, செடி, உரம் என்று உயிருள்ளவையும் அவற்றுக்குத் தேவையானவையும் விற்பனைக்கு வந்துவிடுகின்றன.

சந்தை முன்பு அருகிலுள்ள ஹாத்திபகானில் நடந்தது. நெரிசல் தாங்காமல் இங்கே இடம் மாறியது. ஆனாலும் பழைய ஆட்கள் ஹாத்திபகான் சந்தை என்றே சொல்கிறார்கள். இந்த ஊருக்குப் பறவைப் பித்து புதிதல்ல. 1856இல் ஆங்கிலேயர்களிடம் அவத் ராஜ்யத்தை இழந்து கல்கத்தாவுக்கு வந்த நவாப் வாஜித் அலி ஷா, மட்டியாபுருஜில் தனக்கென ஒரு குட்டி லக்னோவை அமைத்துக்கொண்டபோது அதில் மிருகக்காட்சி சாலையையும் சேர்த்துக்கொண்டார். ஒரு ஜோடிப் புறாவுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்தவர் அவர். வடக்குக் கல்கத்தாவின் ஜமீன்தார் பாபுக்கள் புல்புல் சண்டையில் பணத்தைக் கரைத்தார்கள். சோர்பகானில் ராஜேந்திர முல்லிக் 1835இல் கட்டிய மார்பிள் பேலஸில் பறவைக் கூண்டுகள் இன்றும் இருக்கின்றன. ராஜ்யம் போனவர்களுக்கும் ராஜ்யமே இல்லாதவர்களுக்கும் பறவை ஒரு சிம்மாசனம் போல இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்த ஆசை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டது. காலிஃப் தெருவில் வரிசையாக அடுக்கிய கம்பிக் கூண்டுகளில் அதிகம் தெரிவது, வங்காளிகள் 'பத்ரி' என்றும் நம்மவர்கள் தவறாக 'லவ் பேர்ட்ஸ்' என்றும் அழைக்கிற பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கிற குருவி அளவுக் கிளி. 1840இல் ஜான் கூல்ட் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அது உலகம் முழுவதும் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே இறக்கிறது. அடுத்து கொண்டை வைத்த காக்கட்டீல். அதற்கும் ஆஸ்திரேலியாதான் ஊர். 1960இலேயே ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே இங்கே இருப்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பெருகியவற்றின் வாரிசுகள். இன்னும் தள்ளிப் போனால் தென்னமெரிக்காவின் சன் கானூர். மஞ்சளும் ஆரஞ்சுமாக, எலுமிச்சம்பழச் சாதத்தில் தீப்பிடித்த மாதிரி ஒரு நிறம். உருவத்துக்குச் சம்பந்தமில்லாத உரத்த குரல். மக்காவ் எனப்படும் பெரிய பஞ்சவர்ணக் கிளியும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் வெளியில் தொங்குவதில்லை. கேட்டால் கைபேசியில் படம் காட்டுகிறார்கள்.

வெளியில் தொங்காத இன்னொன்றும் உண்டு. அது நம் ஊர்ப் பச்சைக் கிளி, வங்காளத்தில் 'டியா'. விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் 1990களின் தொடக்கத்திலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சைக் கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்துச் சொன்ன கடலூர் கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தது நினைவிருக்கலாம். ஜோசியத்துக்காக அல்ல, கிளிக்காக.

தெருமுனை மரத்தில் இலவசமாகக் கத்துகிற கிளியைக் கூண்டில் வைத்தால் சிறை. அமேசான் காட்டுக் கிளியை விலை கொடுத்து வாங்கினால் குற்றமில்லை. முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. சந்தையில் பாதிப் பேர் இந்த வேடிக்கையைச் சொல்லித்தான் வெளிநாட்டுப் பறவையை விற்கிறார்கள். "இது ஃபாரின், தாதா. போலீஸ் தொந்தரவே இல்லை."

அது பாதி உண்மை. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பினர். உலகத்துக் கிளியினங்கள் கிட்டத்தட்ட அனைத்தும் அதன் பட்டியல்களில் அடங்கும். பட்ஜெரிகர், காக்கட்டீல், பீச் நிற முகமுள்ள லவ்பேர்ட், நம் பச்சைக் கிளி ஆகிய நான்குதான் விலக்கு. நான்காவது நம் நாட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. பட்டியலில் உள்ள பறவையை உயிரோடு வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் வெளியாயின. பறவை கைக்கு வந்த முப்பது நாளுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பட்ஜெரிகருக்கு இதெல்லாம் தேவையில்லை. சாம்பல் கிளிக்குத் தேவை. அது 2016இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய மாநாட்டில் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்ட பறவை. கானா நாட்டில் 1992க்குப் பின் அந்தக் கிளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காணாமல் போய்விட்டன. மரம் வெட்டியது ஒரு காரணம், கூண்டுக்காகப் பிடித்தது மற்றொரு காரணம்.

இந்தச் சட்ட விவரங்களை எல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு நண்பரால். தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி மூன்று தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. நண்பர் அங்கே அடுக்குமாடியில் இருப்பவர், வங்கி அதிகாரி. ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. மகள் பெங்களூரில். வீடு பேச்சில்லாமல் போய்விட்டது என்று ஆரம்பித்தவர், ஒரு சாம்பல் கிளி வாங்கப் போகிறேன் என்று முடித்தார். விலை ஒரு நல்ல ஸ்கூட்டர் விலை. நானும் மொழிபெயர்ப்பாளனாகக் கூடப் போனேன். விற்பவரின் வங்காளியை நண்பர் நன்றாகவே புரிந்துகொள்வார். ஆனால் ஆசை வந்துவிட்டால் எந்த மொழியும் காதில் ஏறாது என்பது அவர் மனைவியின் கணிப்பு.

விற்பவர் காட்டியது இறகு முழுதாக முளைக்காத குஞ்சு. "நீங்களே ஊட்டுங்கள். உங்களைத்தான் தாய் என்று நினைக்கும்." இந்த வியாபாரத்தின் பிரதான வசனம் இது. ஊட்டுவது என்றால் சில மணிக்கொரு தடவை கூழ் கரைத்து, சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும். ஆறிப் போனால் செரிக்காமல் கெட்டுவிடும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். அனுபவசாலிகளே தவறவிடுகிற வேலையை, கிளியை முதல்முறையாகத் தொடுகிறவர் கையில் கொடுப்பதற்கு ஒரே காரணம்தான்: சீக்கிரம் விற்றால் தீனிச் செலவு மிச்சம். தானே தின்னக் கற்றுக்கொண்ட பறவையைத்தான் வாங்க வேண்டும் என்பதில் விஷயம் தெரிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

நண்பர் காலைப் பார்த்தார். அதாவது கிளியின் காலை. கூண்டில் பிறந்த குஞ்சுக்கு, கால் சிறியதாக இருக்கும்போதே இணைப்பில்லாத முழு வளையம் மாட்டிவிடுவார்கள். வளர்ந்த காலில் அதை மாட்ட முடியாது. இந்தக் குஞ்சின் காலில் ஒன்றுமில்லை. காகிதம் கேட்டோம். "பண்ணிக் கொடுத்துவிடலாம்" என்றார் விற்பவர். வங்க எல்லை வழியாகவும் மியான்மர் எல்லை வழியாகவும் வெளிநாட்டுப் பறவைகள் கடத்தி வரப்படுவதும், பிடிபட்டவை அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்கு வந்து சேர்வதும் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. 'பண்ணிக் கொடுக்கிற' காகிதம் எப்படிப்பட்டது என்பதை ஊகிக்கலாம்.

அன்று வாங்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. வேறு விற்பனையாளர், முறையான காகிதம் என்று நண்பர் தேட ஆரம்பித்தார். அதற்குள் அவர் மனைவி ஒரு காரியம் செய்தார். பேஹாலாவில் சாம்பல் கிளி வைத்திருக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்து, போய்ப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார். நானும் போனேன்.

அந்தக் கிளி 2006இல் வாங்கியது. அப்போது யாரும் காகிதம் கேட்கவில்லை. 2020 ஜூனில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவித்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டோம் என்று அறிவித்தபோது இவரும் தெரிவித்தார். "பதினாலு வயதில் இவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது" என்று சிரிக்கிறார். ஹாலின் பாதி கூண்டு. மீதிப் பாதியில் ஒரு மரக்கிளை, தின்று குதறிய அட்டைகள், தேங்காய்ச் சிரட்டைகள். சோபாவின் ஒரு கை முழுக்க அலகின் வேலை. எல்லாவற்றின் மேலும் மாவு தூவினது போல மெல்லிய வெள்ளைப் படலம். சாம்பல் கிளி, காக்கட்டீல், காக்கட்டூ மூன்றுமே இறகிலிருந்து இந்தத் தூளை உதிர்ப்பவை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கிளி எங்களைப் பார்த்ததும் பேசவில்லை. அரைமணி நேரம் கழித்து பிரஷர் குக்கர் மூன்று முறை விசிலடித்தது. நண்பரின் மனைவி அனிச்சையாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். அடுப்பில் எதுவும் இல்லை.

அந்தச் சமையலறையில் நான்ஸ்டிக் பாத்திரமும் இல்லை. அதன் பூச்சு அதிகம் சூடேறினால் கிளம்பும் வாயு, மனிதர்களுக்கு இருமல் வருமுன் கூண்டிலுள்ள பறவையைக் கொன்றுவிடும். ஹாலில் மின்விசிறி ஓடும்போது கூண்டு திறப்பதில்லை. நம் வீடுகளில் பறக்கும் பறவைக்கு முதல் எமன் அதுதான். வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காபி கூடாது. சூரியகாந்தி விதையை மட்டும் கொடுத்து வளர்த்தால் கொழுப்பு ஏறும், சுண்ணாம்புச் சத்து குறையும். கிளிக்கு வரும் ஒரு வகைத் தொற்று மனிதருக்கு நிமோனியாவாக மாறக்கூடும். 1929-30இல் தென்னமெரிக்கக் கிளிகளோடு அது பல நாடுகளுக்குப் பரவிப் பீதி கிளப்பியது. பறவைக்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் இந்த மாநகரத்திலேயே அரிது. நாய்க்கு ஊசி போடுபவரெல்லாம் கிளிக்குப் போட முடியாது.

ஆசிரியை இவற்றையெல்லாம் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கற்றுக்கொள்ளக்கூடியவைதானே என்றார். அவர் பெரிதாகச் சொன்னது ஒன்று: 2009க்குப் பிறகு அவரும் கணவரும் சேர்ந்து பூரிக்குப் போனதில்லை.

வங்காளிக் குடும்பம் பூரிக்குப் போகாமலிருப்பது என்ன என்று வங்காளத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். 2009இல் மூன்று நாள் போனார்கள். வேலைக்காரப் பெண் வேளாவேளைக்குத் தீனியும் தண்ணீரும் வைத்தாள். திரும்பி வந்தபோது கிளியின் மார்பில் ஓர் இறகுகூட இல்லை. தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் முளைக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் வீட்டில்.

காட்டில் இந்தப் பறவை நூற்றுக்கணக்கில் கூடி அடைகிறது. தனியாக இருப்பதென்றால் அதற்கு ஆபத்து என்றுதான் பொருள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறியது; 2007இல் இறந்தபோது அதன் மரணத்தைப் பத்திரிகைகள் செய்தியாக வெளியிட்டன. அலெக்ஸின் கதையைச் சொல்லித்தான் இந்தக் கிளியை விற்கிறார்கள். அந்தக் கிளியோடு நாள் முழுவதும் பேச ஓர் ஆய்வுக்கூடமே இருந்தது என்பதைச் சொல்வதில்லை. கிளிக்குக் கல்வி புகட்டக் கிளம்பி, தங்கக் கூண்டு செய்து, கடைசியில் கிளியைக் கொன்ற ராஜாவைப் பற்றி ரவீந்திரநாத் 1918இல் ஒரு கதை எழுதினார். கல்வி முறையைக் கிண்டல் செய்த கதை அது. பேஹாலாவில் உட்கார்ந்திருந்தபோது அதைக் கிளியைப் பற்றிய கதையாகவே படிக்கலாம் என்று தோன்றியது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நாம் 'கிளி வளர்க்கிறேன்' என்கிறோம். எழுவாய் மனிதன். வங்காளியில், பறவை பழகிவிட்டது என்பதற்கு 'போஷ் மேனேச்சே' என்பார்கள். வளர்க்கப்படுவதற்கு அது சம்மதித்துவிட்டது என்பது போல. எழுவாய் பறவை. ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "என்ன சம்மதம்? அஞ்சு வயசில் பருவம் வந்ததும் ஒரு வருஷம் என்னைக் கடித்தான்" என்று கையைக் காட்டினார். குஞ்சாக வாங்கிய பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தானாம். சந்தைக்கே திரும்பக் கொடுப்பார்கள். சிலர் புண்ணியம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். கொல்கத்தாவின் காக்கைகளுக்கும் பருந்துகளுக்கும் நடுவே, இரை தேடத் தெரியாத வெளிநாட்டுப் பறவைக்கு அது விடுதலை ஆகாது.

கிளம்பும் நேரத்தில் நண்பரின் மனைவி கேட்டார்: "இது எத்தனை வருஷம் இருக்கும்?" நன்றாகக் கவனித்தால் நாற்பது, ஐம்பது என்றார் ஆசிரியை. தனக்கு அறுபத்து மூன்று என்றும், தனக்குப் பிறகு கிளியை எடுத்துக்கொள்ளத் தங்கை மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றும் சொன்னார். எழுதி வாங்கினீர்களா என்று நண்பர் ஆச்சரியப்பட்டார். "வீட்டை எழுதி வைக்கிறோம். இவனை எழுதக் கூடாதா?"

திரும்பும்போது டாக்சியில் நண்பரின் மனைவி கூட்டல் கணக்குப் போட்டார். ஐம்பத்தெட்டும் ஐம்பதும் நூற்றெட்டு. "கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையா ஆகிடும்" என்றார். நண்பர் பெங்களூருக்குப் போன் செய்தார். மகள் வாடகை வீட்டில் இருக்கிறாள். வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "அப்பா, எனக்கு வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிட்டாள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பல வீடுகளில் 'பார்த்துக்கலாம்பா' என்பார்கள்.

பட்ஜெரிகர் ஒரு ஜோடி வாங்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். ஐந்திலிருந்து பத்து வருடம். ஜோடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. கூண்டைப் பறக்கும் அளவுக்கு அகலமாகச் செய்துகொள்ளலாம். பதிவுத் தொல்லையும் இல்லை. கூண்டில் பறவை வேண்டும் என்றே இருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். 2015இல் தில்லி உயர் நீதிமன்றம், வானத்தில் பறப்பது பறவைகளின் அடிப்படை உரிமை என்று சொன்னதை நினைத்தால் அதைக்கூடச் சொல்லத் தயக்கம்தான். நண்பர் ஆர்வம் காட்டவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பேச்சு.

இரண்டு மாதம் கழித்து அவரே ஆசிரியைக்குப் போன் செய்திருக்கிறார். வாரம் இரண்டு மாலை பேஹாலா போய்க் கிளியோடு உட்காரலாமா என்று கேட்டு, போகவும் ஆரம்பித்தார். முதல் மாதம் கிளி அவருக்கு முதுகைக் காட்டியது. பிறகு அவர் கையிலிருந்து கொய்யாத் துண்டு வாங்கியது. ஜனவரியில் ஆசிரியையும் கணவரும் நான்கு நாள் பூரி போய் வந்தார்கள். நண்பர் வங்கியில் லீவு போட்டு, பேஹாலா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். இறகு ஒன்றும் போகவில்லை. மூன்றாம் நாள் கட்டைவிரலில் கடி வாங்கினார். பிளாஸ்திரியைப் பெருமையாக எனக்குக் காட்டினார். அடுத்த முறை டார்ஜிலிங் போக வேண்டும் என்று ஆசிரியை இப்போதே தேதி கேட்கிறாராம்.